குடும்பக் குழு: தாத்தாவின் படகு மோட்டார்

தம்பி: மாமா, தாத்தாவின் எவின்ரூட் மோட்டாரைத் திறந்து வைத்திருக்கிறேன். மேல் சிலிண்டர் பிளக்கில் பொறி நன்றாக வருகிறது, கீழ் சிலிண்டரில் துளிகூட இல்லை. பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றிவிடவா?

பெரிய மாமா: அவசரப்படாதே. முதலில் பாயிண்டைப் பார், அதாவது திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் சுவிட்ச் முனைகளை. மேலே இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தை எப்படி எடுத்தாய்?

தம்பி: நடுவில் மூன்று போல்ட் மாட்டும் புல்லர் என்ற கழற்றும் கருவியை வைத்துத்தான் எடுத்தேன்.

பெரிய மாமா: நல்லது. விளிம்பைப் பிடித்து இழுத்தால் கோணிவிடும். அதைத் தண்டில் நகராமல் பிடிக்கும் அரைவட்டக் கீ நசுங்கியிருக்கிறதா? அது கொஞ்சம் நகர்ந்தாலும் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், போய்விடும்.

தம்பி: கீ சுத்தமாக இருக்கிறது. இரண்டு பாயிண்டின் இடைவெளியையும் 0.020 அங்குலத்துக்கு வைத்துவிட்டேன். அப்புறமும் அதே கதைதான்.

பெரிய மாமா: அளவு சரி, அது சுமார் 0.5 மில்லிமீட்டர். வைத்த பிறகு பாயிண்டைத் துடைத்தாயா?

தம்பி: இல்லையே.

பெரிய மாமா: இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்தப் படலம் பாயிண்டில் ஒட்டினால் கரண்ட் கடக்காது. வெள்ளைக் காகிதத் துண்டை இடையில் வைத்து, மூடவிட்டு, மெதுவாக இழு. காகிதம் கறுக்காமல் வரும்வரை செய்.

தம்பி: நான்காவது துண்டு வெள்ளையாக வந்தது. ஃப்ளைவீலைப் போட்டுச் சுற்றினேன், பொறி வந்துவிட்டது மாமா! நீலமாகத் தெறிக்கிறது.

அக்கா: வெறும் காகிதத்திலா சரியாகிவிட்டது?

தம்பி: ஆமாம் அக்கா, ஆனால் இப்போது வேறு தொல்லை. பிளக்குகளை மாட்டி இழுத்தால் கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கிறது.

பெரிய மாமா: ஒரு சிலிண்டர் முந்தி வெடிக்கிறது. இந்த மோட்டாரில் இடைவெளிதான் டைமிங், அதை மனதில் வை. இடைவெளி கூடினால் தண்டோடு சுற்றிப் பாயிண்டைத் தள்ளும் கேம் அதைச் சீக்கிரம் திறந்துவிடும், பொறி முந்தும். குறைந்தால் பிந்தும். இரண்டு சிலிண்டரும் சரியாக அரைச் சுற்று விட்டு வெடிக்க வேண்டும்.

தம்பி: இரண்டுக்கும் ஒரே தகடுதானே வைத்தேன்?

பெரிய மாமா: பழைய பாயிண்டா?

தம்பி: ஆமாம், இருந்ததேதான்.

பெரிய மாமா: கீழ் சிலிண்டர் பாயிண்டின் முகத்தை நன்றாகப் பார். ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் குழி இருக்கும். தகடு குழிக்குள் இறங்காது, மேட்டைத்தான் தொடும். தகடு 0.020 காட்டினாலும் உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதல். அதனால்தான் முந்துகிறது.

தம்பி: அப்படியே இருக்கிறது மாமா. ஊசி முனை போல ஒரு மேடு.

பெரிய மாமா: அராவி நேரத்தை வீணாக்காதே, புதுப் பாயிண்ட் போடு. கூடவே, பாயிண்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும் மாற்று. அது கெட்டாலும் இப்படிக் குழி விழும். கேம் உச்சியில் வைத்து அளவெடு. 0.018 தகடு தாராளமாக நுழைய வேண்டும், 0.020 லேசாக உரச வேண்டும், 0.022 நுழையவே கூடாது. மோட்டாரை ஓடும் திசையிலேயே சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை மடங்கும்.

தம்பி: போட்டுவிட்டேன். சமமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரிய மாமா: பாயிண்டிலிருந்து காயில், கண்டென்சர் ஒயர்களைக் கழற்று. அங்கே ஒரு ஒயர் மாட்டி வெளியே எடுத்து, மின் தொடர்பு இருந்தால் ஒலிக்கும் மீட்டரில் கொடு, மீட்டரின் மற்ற முனையை மோட்டார் உடம்பில் வை. வேக நெம்புகோலை அசைக்காதே, அசைத்தால் பாயிண்ட் உட்காரும் அடித்தட்டும் சேர்ந்து திரும்பிவிடும். ஃப்ளைவீலைப் போட்டுச் சுற்று. மீட்டர் சத்தம் நிற்கும் இடத்தில், மோட்டாரில் அசையாத ஒரு புள்ளிக்கு நேராக விளிம்பில் பென்சில் கோடு போடு. அடுத்த பாயிண்டுக்கும் அதே மாதிரி. பிறகு விளிம்பைச் சுற்றி நூல் வைத்து அதைப் பாதியாக மடி. இரண்டு கோடுகளுக்கும் நடுவே அந்தப் பாதி நூல் பிசகாமல் உட்கார வேண்டும்.

தம்பி: நூல் சரியாக உட்கார்ந்தது. ஒயர்களை மாட்டி, ஃப்ளைவீல் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிவிட்டேன்.

தம்பி: இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது மாமா. குரல் பதிவு அனுப்பியிருக்கிறேன், கேளுங்கள்.

அக்கா: தாத்தா ஓட்டும்போது கேட்ட அதே சத்தம்.

பெரிய மாமா: இரண்டும் சமமாக அடிக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தானே ஓட்டுகிறாய்?

தம்பி: ஆமாம் மாமா, பம்பு தண்ணீர் தள்ளுகிறது.