லேப் விதிகளும் நம் அனுபவங்களும்: இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

லேப்டீச்சர்

அரசு உயர்நிலைப் பள்ளி, ஹைடெக் லேப் என் பொறுப்பு. பாதி நாள் ஆன்லைன் தேர்வு, மீதி நாள் எமிஸ் பதிவு, அதாவது மாணவர் விவரங்களை அரசுத் தளத்தில் ஏற்றுவது. பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியட் கிடைத்தால் பெரிது. அதனால் நேரம் வீணாகக் கூடாது என்று சுவரில் விதிகளை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம். நாலாவது விதி: பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எதையும் தேடக் கூடாது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். முதல் சிஸ்டத்துக்கு எப்போதும் ஓடி வருவான். அன்று அவன் திரை முழுக்க ஒரு கண், பெரிய படம். ஏதோ பேய்ப்படம் என்று நினைத்துவிட்டேன். "இதுதான் பாடமாடா?" என்று சத்தம் போட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. தேடல் பெட்டியில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே இருந்தான், டக், டக் என்று. பக்கத்தை மூடினாலே போதும், ஆனால் அவன் அழித்தான்.

சாயங்காலம் சிஸ்டங்களை மூடும்போது ஹிஸ்டரியைப் பார்த்தேன். அப்பாவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் காமாலை எத்தனை நாளில் போகும். கீழாநெல்லி மட்டும் போதுமா. இப்படி ஐந்து தேடல், ஒன்றன் கீழ் ஒன்றாக.

அந்த டக் டக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கிழக்குத்தெரு

டீச்சர், உங்கள் லேபில் தேடவாவது முடிகிறது. நான் 2001இல் ஒன்பதாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி. எங்களுக்கு இருந்த ஒரே விதி ஷூவைக் கழற்றி வெளியே வை. கோயில் மாதிரிதான். உள்ளே ஏசி, மானிட்டருக்கு உறை, கீபோர்டுக்கு உறை. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், அதில் ஒருவன்தான் தட்டலாம். மற்ற இருவர் கைகட்டி நிற்க வேண்டும்.

விண்டோஸ் 98ஐ மூடினால் சில மிஷின்களில் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து வருமே, இனி நீங்களே அணைக்கலாம் என்று? ஒருநாள் அது வந்தது. நான் பட்டனை அழுத்திவிட்டேன். அணைந்தது பக்கத்து சிஸ்டம். பட்டன் எதனுடையது என்று யார் சொல்லித் தந்தார்கள்? அதில் லோகோ என்ற நிரலில், கட்டளை கொடுத்தால் கோடு போடும் ஆமையை வைத்து ஒருத்தி முக்கால் வீடு வரைந்திருந்தாள், ஃப்ளாப்பியில் சேமிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் லேப் வாசலில். கதவிடுக்கு வழியாக வரும் ஏசிக் காற்றுதான் நான் படித்த கம்ப்யூட்டர் சயின்ஸ். இப்போது பிழைப்பே கம்ப்யூட்டரில்தான், அது வேறு விஷயம்.

அந்தப் பெண் இதைப் படித்தால்: சாரி. கூரை மட்டும்தான் பாக்கி இருந்தது, தெரியும்.

சர்வர்சாமி

முதல் பதிவு போட்ட மேடத்திடம் ஒரு விஷயம். வருத்தம் புரிகிறது, ஆனால் விதியில் தப்பில்லை. முப்பது பிள்ளைகளுக்கு நெட்டைத் திறந்துவிட்டு விதி வேண்டாம் என்றால் நாளைக்குப் பெற்றோர் வந்து கேட்பது உங்களைத்தான். நான் ஒரு பள்ளிக்கு சிஸ்டம் பார்த்தேன். ஒரு பையன் ஜிமெயிலை லாக் அவுட் செய்யாமல் போனான், அடுத்த பீரியடில் உட்கார்ந்தவன் அதிலிருந்து எச்.எம்.முக்கே கடிதம் அனுப்பினான். அனுப்பாதவனுக்கு டி.சி. வரை போனது. என் அனுபவம் அவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஒன்று, சிஸ்டத்தில் எதையும் மாற்ற முடிகிற அட்மின் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சாதாரண யூசர் கணக்கு போதும். இரண்டு, குரோமை கெஸ்ட் முறையில் திறக்கப் பழக்குங்கள், மூடியதும் உள்ளே செய்த லாகின் எல்லாம் போய்விடும். மூன்று, ரவுட்டரில் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.3 என்று மாற்றுங்கள். டி.என்.எஸ். என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சேவை. கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்காக விட்டது, காசு கிடையாது, ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் திறக்காது. நாலு, கூகுளில் சேஃப்சர்ச், யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட், இரண்டையும் ஆன் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு ஆகாததை மறைக்கும். ஐந்து, 13 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பள்ளியே கூகுள் கணக்கு திறந்து கொடுப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன், பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு. செய்யாதீர்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது வரை குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆறு, பாஸ்வேர்டை மானிட்டரில் ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், நீங்கள் ஒட்டியிருப்பீர்கள்.

மஞ்சப்பை

இலவச லேப்டாப் வாங்கிய செட்டு நான், பிளஸ் டூ. விழா வைத்துக் கொடுத்தார்கள், மறுநாள் ப்ரேயரில் "யாரும் லேப்டாப்பைப் பள்ளிக்குக் கொண்டு வரக் கூடாது" என்றார்கள். வீட்டில் நெட் கிடையாது, சொல்லித்தரவும் ஆள் இல்லை. பின்னே எங்கே கொண்டுபோவது?

விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் அதில் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. ஒருநாள் தெரியாமல் அதற்குள் போய்விட்டேன். எல்லாம் மாறிவிட்டது, உடைத்துவிட்டேன் என்று பயம். கம்ப்யூட்டர் சாரிடம் காட்டலாம் என்று மஞ்சப்பையில் போட்டு, மேலே டிபன் பாக்ஸை வைத்து எடுத்துப் போனேன். கேட்டிலேயே பிடிபட்டேன். எச்.எம். பீரோவில் மூன்று நாள். அம்மா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கைநாட்டு வைப்பவள். அன்று பெயரை எழுதினாள், நான் சொல்லித் தந்தது. எச்.எம். பேனாவை நீட்டியபடி அவ்வளவு நேரம் காத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

உடையவே இல்லை. ரீஸ்டார்ட் செய்து விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ரெண்டுபிள்ளைஅம்மா

சர்வர்சாமி அண்ணா, உங்கள் ஃபில்டரைப் பற்றிச் சொல்கிறேன். என் பெண்ணின் பள்ளியில் யாரோ கெட்ட வார்த்தைப் பட்டியல் போட்டு நெட்டைப் பூட்டினார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவரங்கள், விலங்குகளின் இனப்பெருக்கம் பாடம் வருகிறதே, புராஜெக்டுக்கு அந்தப் பக்கமே திறக்கவில்லை. சிவப்புத் திரையில் தடை என்று வந்ததும் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்தையே படிக்க மாட்டேன் என்றாள்.

இன்னொன்று. கேட்டில் செல்போன் தடை என்று போர்டு. வீட்டுப்பாடம் வருவதோ வாட்ஸப் குழுவில், இரவு ஒன்பது மணிக்கு. 2020இல் ஒரே போனை ரெண்டு பிள்ளையும் பிடுங்கிக்கொண்டு படித்தபோது போன் நல்லது. இப்போது கெட்டது.

சர்வர்சாமி

அம்மா, நான் சொன்னது டி.என்.எஸ்., அது தள முகவரியைப் பார்க்கும். உங்கள் பள்ளியில் போட்டது வார்த்தை ஃபில்டர், இரண்டும் வேறு. வார்த்தையைப் பார்த்துப் பூட்டுகிற கோளாறு பழையது. 1996இல் ஏ.ஓ.எல். நிறுவனம் இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்கு தொடங்கவே விடவில்லை, ஊர்ப் பெயருக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை இருந்ததால். எனவே வார்த்தை ஃபில்டரை எடுக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதுங்கள். கடிதம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

கிழக்குத்தெரு

அது கிடக்கட்டும். டீச்சர், அந்தப் பையனின் அப்பா எப்படி இருக்கிறார்?

லேப்டீச்சர்

கேட்டேன். "நல்லா இருக்கார் டீச்சர்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. இப்போது கடைசி சிஸ்டத்தில்தான் உட்காருகிறான். நான் பக்கத்தில் போனால் கை கீபோர்டை விட்டு மடிக்குப் போய்விடுகிறது.

சர்வர்சாமி

அப்படியானால் லேப் அமைப்பை மாற்றுங்கள் மேடம். சிஸ்டங்களைச் சுவரோரமாகப் போட்டு, திரை எல்லாம் நடுவில் நிற்கும் உங்களைப் பார்த்த மாதிரி வையுங்கள். கடைசி வரிசை என்பதே இருக்காது. ஒரு சுற்றுத் திரும்பினால் யார் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

லேப்டீச்சர்

அப்படித்தான் சார் போட்டிருக்கிறோம். கடைசி என்றால் மூலையில் இருப்பது. அன்றைக்கும் நடுவில் நின்றுதான் பார்த்தேன்.