மாத்திரையை நிறுத்திய பிறகு: பசி, தூக்கம், கவனம்

ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைபாட்டுக்காகச் சில வருடங்கள் மெத்தில்ஃபெனிடேட் என்ற, மூளையைத் தூண்டும் ‘ஊக்கி’ வகை மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எடுப்பதில்லை. மருந்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு ஒரு கட்சியில் சேர்ந்துகொள்கிறார்கள். எனக்கு அது நன்றாகவே வேலை செய்தது. நீளமான ஒரு அறிக்கையை எழுந்திருக்காமல் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த அன்று, மற்றவர்களெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று பொறாமையாகக்கூட இருந்தது.

தொந்தரவு உடம்பில் ஆரம்பித்தது, அதுவும் சத்தமில்லாமல். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் திரும்ப உறிஞ்சப்படுவதை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் கவனம் ஒரு இடத்தில் நிற்கிறது. கூடவே இதயம் வேகமெடுக்கும், பசி அடங்கும். காலையில் மாத்திரை போட்டால் மதியச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோகும். கொண்டுபோன டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்து, யாரும் பார்ப்பதற்குள் கழுவி வைத்துவிடுவேன். பெல்ட்டின் கடைசி ஓட்டையும் தொளதொளவென்று ஆனபோது ஆணியைச் சூடாக்கி இன்னொன்று போட்டேன்.

அதைவிட மோசம், மருந்தின் வேகம் இறங்கும் நேரம். சாயங்காலம் நாலு மணி வாக்கில், ‘இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று யாரோ சாதாரணமாக அனுப்பிய மின்னஞ்சல் என்னைக் குத்திக்காட்டுவது போலத் தெரியும். பதில் அடிப்பேன், அழிப்பேன், மறுபடி அடிப்பேன். தாடை இறுகிப்போய் நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கும். மறுநாள் காலையில் அதே மின்னஞ்சலைப் படித்தால் அதில் ஒன்றுமே இருக்காது. என் நல்ல நேரமெல்லாம் ஆபீசுக்குப் போனது. வீட்டில் இருப்பவர்களுக்கு மிச்சம்தான் கிடைத்தது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நூறைத் தாண்டியதும் மருத்துவர் உஷாரானார். எடுத்த எடுப்பில் நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் டோஸைக் குறைத்தார். அப்புறம் நாள் முழுக்க வேலை செய்யும் வகையிலிருந்து மூன்று நாலு மணி நேரத்தில் அடங்கிவிடும் வகைக்கு மாற்றிப் பார்த்தார். துடிப்பு இறங்கவில்லை, எடையும் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் டோஸ் மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும், மாற்றாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கு எடையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இந்த மருந்து இன்னும் தேவையா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசவும் சொல்கிறது. உங்கள் மருத்துவர் இதையெல்லாம் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

நிறுத்திய முதல் நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், தூங்கினேன். அவ்வளவுதான். மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், இரண்டு மூன்று மணி நேரம்தான். ஒரே நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ஆனால் அலுப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. பல் தேய்ப்பதே பெரிய வேலையாகத் தெரிந்தது. கனவுகள் வேறு, சினிமா மாதிரி வண்ணத்தில். மனசு கீழே போகலாம், அப்படிப் போனால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடு என்று மருத்துவர் சொல்லி வைத்திருந்ததால் பயமில்லாமல் இருந்தேன். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. போகிறவர்களும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் திரும்பியது பசி. ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் கன்னத்தில் சதை பிடித்தது, பார்க்கிறவர்கள் சொன்னார்கள். நாடித்துடிப்பும் இறங்கியது. தூக்கம்தான் வேடிக்கை. மருந்தால்தான் தூக்கம் கெட்டது என்று வருடக்கணக்காகப் புலம்பியிருக்கிறேன். நிறுத்தி, அந்த அலுப்புத் தூக்கமெல்லாம் தீர்ந்த பிறகு வந்து சேர்ந்தது பழைய தூக்கம், அதாவது மருந்துக்கு முன்னால் இருந்த அதே அரைகுறைத் தூக்கம். மருந்தின் தலையில் கட்டியிருந்ததில் பாதி என்னுடையதாகவே இருந்தது. படபடப்பும் எடைக்குறைவும் மருந்தால் வந்தவை, போய்விட்டன. சாவியைத் தொலைப்பது, பேச்சின் நடுவில் எங்கோ போய்விடுவது, விளக்கை அணைத்த பிறகும் தலைக்குள் நாலு பேர் பேசுவது, இதெல்லாம் அப்படியே இருந்தன.

ஆகவே, மருந்தை விட்டதும் கவனம் தானாகச் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். காலையில் கஷ்டமான வேலை, மதியத்துக்கு மேல் தொலைபேசி வேலை என்று பிரித்துக்கொண்டேன். எது சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுதிக்கொள்கிறேன். மருந்து இருந்த இடத்தில் காபியை உட்கார வைத்தும் பார்த்தேன். துடிப்பு மறுபடி மேலே போனதுதான் மிச்சம். காஃபினும் ஊக்கிதான், அதன் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம் என்பதால் சாயங்காலம் குடித்தது படுக்கைக்கும் கூடவே வரும்.

* * *

உங்கள் அனுபவத்தோடு என் மகனுடையதையும் சேர்த்துக்கொள்கிறேன் அண்ணா. அவன் வளருகிற பையன் என்பதால் எங்கள் கவலை உயரம்தான். வகுப்பில் அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். மருத்துவர் உயர வரைபடத்தைக் காட்டினார். ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த கோடு மருந்து ஆரம்பித்த இடத்திலிருந்து கொஞ்சம் படுத்திருந்தது. நீண்ட விடுமுறையில் அவர் சொன்னபடி இடைவெளி விட்டோம். சாப்பாடு பிடித்தது, உயரமும் கொஞ்சம் கூடியது. பள்ளி திறந்ததும் குறைந்த டோஸில் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம். முழுசாக நிறுத்தவில்லை. அவனே வந்து, ‘மாத்திரை இல்லாட்டி டீச்சர் சொல்றது பாதியிலேயே போயிடுதும்மா’ என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல!

* * *

நான் நிறுத்திவிட்டுத் திரும்பப் போனவன். உடம்பு தேறியது உண்மை. நன்றாகச் சாப்பிட்டேன், சிரித்தேன், பழைய ஆள் வந்துவிட்டான் என்று நண்பர்கள் கொண்டாடினார்கள். ஆனால் வண்டி ஓட்டும்போது சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே தாண்டிப் போனேன், ஒரு முறை அல்ல. பக்கத்தில் மனைவி இருந்தார். அன்று இறங்கியவர் பிறகு என் வண்டியில் ஏறவில்லை. சுவீடனில் 2014-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏடிஹெச்டி உள்ள ஆண்கள் மருந்து எடுத்த காலங்களில் கடுமையான சாலை விபத்துகளில் சிக்குவது குறைவாக இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஊக்கி வகையைச் சேராத அட்டோமாக்செடின் எடுக்கிறேன். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். இதிலும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஊக்கி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

* * *

வண்டி விஷயத்தை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் தம்பி, நீங்கள் சொன்னது நல்லது. நான் ஓட்டுவதில்லை என்பதால் அது என் கணக்கில் வரவே இல்லை. ஓட்டுகிறவனாக இருந்திருந்தால் என் முடிவும் வேறாகியிருக்கலாம்.

தனியாக என்னிடம் கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ‘நாளையிலிருந்து நிறுத்தலாமா?’ என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நீங்கள் எடுப்பது எந்த மாத்திரை என்று முதலில் அட்டையைப் பாருங்கள். குவான்ஃபசின், குளோனிடின் இரண்டும் இதே நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன, ஆனால் ஊக்கிகள் அல்ல. அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஊக்கியாக இருந்தாலும், எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தாதீர்கள். போகும்போது எடை, நாடித்துடிப்பு, தூங்கிய நேரம் மூன்றையும் சில வாரங்களுக்கு ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். நான் வாயால் சொன்னதைவிட அந்தத் தாளைத்தான் என் மருத்துவர் அதிக நேரம் பார்த்தார்.