புதுப்பிப்பு: கிளிப்பிலிருந்து பனிமனிதன் கழன்று விழுந்த சிக்கல் தீர்ந்தது

இரண்டு வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன்: மகளின் உலோக ஹேர்கிளிப்பில் கிறிஸ்துமஸுக்காகப் பாலிமர் களிமண்ணில் (ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் வகைக் களிமண்) செய்த பனிமனிதன், சுட்டதும் கழன்று விழுகிறான், வெள்ளை நிறமும் பழுப்பேறுகிறது. பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது ‘சுட்ட பிறகு ஒட்டுங்கள்’ என்ற யோசனைதான். இந்தக் களிமண் வழவழப்பான உலோகத்தைத் தானாகப் பற்றாது. வளைவு பொருந்துவதற்காகக் கிளிப்பின் மேல் வைத்தே சுட்டேன். ஆறியதும் கழற்றி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரு குழாய்களாக வரும் எபாக்சி பசையால் ஒட்டி ஒரு நாள் அப்படியே விட்டேன். ராயபுரத்தில் மூன்று நாளாகப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகிறாள், அசையவே இல்லை.

பழுப்புக்குக் காரணம் ஓவன். தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொன்னவர் நன்றாக இருக்க வேண்டும்! ஓவனின் திருகு குமிழ் காட்டியது 130 டிகிரி, உள்ளே இருந்ததோ 155. உள்வெப்பத்தை 130க்குக் கொண்டுவந்து, அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்த்து 30 நிமிடம் சுட்டேன். வெள்ளை வெள்ளையாகவே வந்தது.

எதிர்பாராதது ஒன்று: மீந்த துண்டில் பளபளப்புக்காக நகப்பூச்சு பூசினேன். ஐந்து நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. தயவுசெய்து அதைப் பூசாதீர்கள்; நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் நன்றாகக் காய்ந்தது. நம் கடலோரப் புழுக்கத்தில் டிசம்பரிலும் களிமண் குழைந்து கைரேகை பதிகிறது. பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் வேலை செய்ய வருகிறது.