ரிக்லி ஃபீல்டு சீரமைப்பு: அந்தப் பேட்டைக்கு லாபமா, நஷ்டமா?

செந்தில் (வட சிகாகோ):
பேஸ்பால் பற்றிய இன்னொரு இழையில் ஒருவர், “மைதானத்தைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி ரிக்லிவில் பேட்டையையே விழுங்கிவிட்டார்கள்” என்று எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

சிகாகோவை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1914-இல் கட்டிய மைதானம் இது. கப்ஸ் அணி 1916-இலிருந்து இங்கேதான் ஆடுகிறது. சுவரில் படர்ந்திருக்கும் ஐவிக் கொடியும், உள்ளே ஆள் நின்று கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டும் 1937-இல் வந்தவை. 2004-இல் மேல்தட்டிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. ரசிகர்களின் தலைக்கு மேலே வலை கட்டித்தான் ஆட்டம் நடத்தினார்கள். 2009-இல் ரிக்கெட்ஸ் குடும்பம் அணியையும் மைதானத்தையும் வாங்கி, 2014 சீசன் முடிந்ததும் வேலையைத் தொடங்கியது.

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கத் தெற்கே போனால் போதும். சிகாகோவின் இன்னொரு அணியான வைட் சாக்ஸின் பழைய மைதானம், காமிஸ்கி பார்க், 1910-இல் கட்டியது. ரிக்லியை வடிவமைத்த ஸக்கரி டெய்லர் டேவிஸ்தான் அதையும் வடிவமைத்தார். 1991-இல் அதை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

மீனாட்சி (லேக்வியூ):
செந்தில், மைதானத்தைக் காப்பாற்றியதை நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் 2013-இல் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது மைதானத்துக்கு மட்டுமா? மொத்தத் திட்டம் 50 கோடி டாலர். அதில் 30 கோடி மைதானத்துக்கு, மீதி 20 கோடி ஹோட்டலும் திறந்தவெளி வளாகமும் கட்ட.

கிளார்க் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஆட்டம் பார்க்க வந்த கூட்டமும் நாடகம் பார்க்க வந்த கூட்டமும் ஒரே நடைபாதையில் இடித்துக்கொண்டு போகும். ஐஓ என்ற நகைச்சுவை நாடக அரங்கு அங்கேதான் இருந்தது. 2014-இல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. சின்னச் சின்னக் கட்டடங்கள் இருந்த அடிசன் முனையில் இப்போது 148 வீடுகள் கொண்ட அடுக்குமாடி நிற்கிறது. எதிர்ப்பக்கம் மெக்டொனால்ட்ஸ் இருந்த இடத்தில் 2018 முதல் 173 அறைகளுடன் ஹோட்டல் ஸக்கரி. அந்த ஹோட்டல் அணியின் முதலாளிகளுடையது.

அப்புறம் மொட்டை மாடிகள். மைதானத்தை ஒட்டிய வேவ்லேண்ட், ஷெஃபீல்டு தெருவாசிகள் மாடியில் நாற்காலி போட்டு ஆட்டம் பார்த்தது காலப்போக்கில் ஒரு தொழிலாகவே ஆனது. வருமானத்தில் 17 சதவீதம் அணிக்கு, அதுவும் 2023 வரைக்கும் என்று 2004-இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே 2015-இல் ராட்சத வீடியோ திரைகள் எழும்பின. சில மாடிகளிலிருந்து ஆட்டம் மறைந்தது. வழக்குப் போட்டவர்கள் 2017-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அதற்குள் பெரும்பாலான மாடிகளை ரிக்கெட்ஸ் குடும்பம் ஒவ்வொன்றாக வாங்கிவிட்டது. பேட்டையை விழுங்குவது என்றால் வேறு என்ன?

செந்தில் (வட சிகாகோ):
அரசு அனுமதித்த எந்த விரிவாக்கமும் ஒப்பந்த மீறல் ஆகாது என்று அந்த 2004 ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் படித்துத்தானே போட்டார்கள்? அடுத்தவன் நடத்தும் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றவர்களுக்காக என்னால் கண்ணீர் விட முடியாது.

மீனாட்சி (லேக்வியூ):
தீர்ப்பின் இன்னொரு பாதியையும் சொல்லுங்கள். ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி அவர்கள் வைத்த குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்ததற்குக் காரணம், பேஸ்பாலுக்கு 1922-இலிருந்து இருக்கும் விதிவிலக்கு. மறைத்துவிட்டு மலிவாக வாங்கியது நியாயமா என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது.

ராஜா (கட்டுமானம்):
கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நூறு வயதான ஸ்டேடியத்தில் துருப்பிடித்த இரும்பை மாற்றுவது, புதிதாக ஒன்று கட்டுவதைவிடக் கடினமான வேலை. அதிலும் இவர்கள் ஒரு சீசனைக்கூட வெளியூரில் ஆடவில்லை. ஆட்டம் இல்லாத குளிர்காலங்களில், தரை உறைந்து கிடக்கும்போது, பகுதி பகுதியாக முடித்தார்கள். 2015 சீசனின் முதல் ஆட்டத்தன்று பிளீச்சர் எனப்படும் திறந்தவெளி இருக்கை வரிசைகள் தயாராகவில்லை, கழிப்பறைக்கு நின்ற வரிசை பெரிய செய்தியானது. இப்படிச் செய்தால் அந்தத் தொல்லை வரத்தான் செய்யும்.

2004-லேயே நகராட்சி இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதால் ஸ்கோர்போர்டு, ஐவிச் சுவர், வாசலில் இருக்கும் சிவப்புப் பலகை எதையும் இஷ்டத்துக்குத் தொட முடியாது. வீரர்களுக்கு 30,000 சதுர அடியில் உடைமாற்றும் கூடம் வேண்டும் என்றபோது மைதானத்துக்குள் இடமில்லை. பக்கத்து வளாகத்தைத் தோண்டி நிலத்தடியில் கட்டினார்கள். அந்த வளாகம் இல்லையென்றால் அந்தக் கூடமும் இல்லை. மைதானம் வேறு, சுற்றுப்புறம் வேறு என்று மீனாட்சி பிரிப்பதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெயந்தி (எவன்ஸ்டன்):
பாரம்பரியம் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இதையும் பேசலாம். பிளீச்சரை மாற்றிக் கட்டியபோது சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சட்டப்படி தரவேண்டிய இடத்தைத் தரவில்லை என்று 2022-இல் மத்திய அரசே கப்ஸ் மீது வழக்குப் போட்டது. 2024-இல்தான் உடன்பாடு வந்தது. கோடிகளைக் கொட்டி, வசதியான இருக்கைக்கு மதுக்கூடம் வரை வைத்துக் கட்டிய இடத்தில் இது விடுபட்டது எப்படி? பழைய கட்டடம் என்று சாக்குச் சொல்ல முடியாது. அந்தப் பகுதி புதிதாகக் கட்டியது.

செந்தில் (வட சிகாகோ):
ஜெயந்தி, அதற்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது, நானும் வாங்கமாட்டேன். நான் பேசுவது பேட்டையைப் பற்றி. 2013-இல் ரோஸ்மாண்ட் என்ற புறநகர் 25 ஏக்கர் நிலத்தை இலவசமாகத் தருகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டது. அணி போயிருந்தால்? பழைய காமிஸ்கிக்குப் பதிலாகப் புதியதை அரசுப் பணத்தில் கட்டியபோது பக்கத்தில் குடியிருந்தவர்களின் வீடுகளே போயின. இங்கே வீட்டை இழந்தவர் யார்?

மீனாட்சி குறை சொல்லும் வளாகத்தில், கேலகர் வே என்று பெயர், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் போடுகிறார்கள். என் மகள் அங்கேதான் சறுக்கப் பழகினாள். கைப்பிடிக் கம்பியை விடாமல் சுற்றிச் சுற்றி வருவாள், மேலே மைதானத்தின் விளக்கு எரியும். முன்பு அது வெறும் கார் நிறுத்துமிடம். ஜனவரியில் அந்தப் பக்கம் போக யாருக்கும் ஒரு காரணமும் இருந்ததில்லை.

மீனாட்சி (லேக்வியூ):
உங்கள் மகள் சறுக்குவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஊருக்குப் பொது இடம் என்று சொல்லி விற்ற அதே வளாகத்தில், ஆட்ட நேரத்தில் டிக்கெட் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் நுழைய முடியாது.

என் கவலை வேறு. ரிக்லியில் 1988 ஆகஸ்ட் வரை இரவு ஆட்டமே கிடையாது. விளக்கு வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கம் வைத்துப் பல வருடம் போராடினார்கள். கடைசியில் விளக்கு வந்தது, ஆனால் வருடத்துக்கு 18 இரவு ஆட்டம்தான் என்ற வரம்போடு வந்தது. அந்த வரம்பைப் பிறகு முப்பதாக்கினார்கள். 2013-இல் நாற்பதுக்கும் மேலே போக வழி செய்தார்கள். ஒவ்வொரு இரவு ஆட்டத்துக்கும் சுற்றியுள்ள தெருக்களில் பார்க்கிங் ஸ்டிக்கர் இல்லாத வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுவதற்குக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் அணி எது கேட்டாலும் எதிரே உட்கார்ந்து பேரம் பேசப் பலர் இருந்தார்கள்: மாடி உரிமையாளர்கள், கிளார்க் தெருக் கடைக்காரர்கள், குடியிருப்போர். இப்போது மாடியில் பெரும்பங்கும் அவர்களுடையது, ஹோட்டலும் அவர்களுடையது, அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக்கடைகள் அவர்களுடைய வாடகைதாரர்கள். அடுத்த முறை வரம்பை உயர்த்தக் கேட்கும்போது மறுக்க மீதி இருப்பது குடியிருப்போர் மட்டும்தான். அதனால் இரவு ஆட்டத்தில் ஒன்றைக்கூடக் கூட்டக் கூடாது, வெள்ளிக்கிழமை இரவில் ஆட்டம் கூடாது என்ற தடையைத் தளர்த்தக் கூடாது. இதுதான் நான் கேட்பது.

ராஜா (கட்டுமானம்):
எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். அந்தத் தெருக்கள் தாங்காது.

செந்தில் (வட சிகாகோ):
எண்ணிக்கை சரி. வெள்ளிக்கிழமையை நான் விடமாட்டேன். வேலைக்குப் போகிறவன் வெள்ளி மதியம் 1:20 ஆட்டத்துக்கு எப்படி வருவான்? மற்ற ஊர்களில் குடும்பத்தோடு போகிற இரவு அது.

மீனாட்சி (லேக்வியூ):
வெள்ளி இரவு கிளார்க் தெரு மதுக்கடைகள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. அதோடு நாற்பதாயிரம் பேரையும் சேர்த்து ஒரே நேரத்தில் அடிசன் ரயில் நிலையத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? வெள்ளி இரவு வேண்டுமானால் செவ்வாய், புதனில் இரண்டைக் குறைத்துவிட்டுக் கேட்கட்டும், அப்போது உட்கார்ந்து பேசலாம்.