வலைக்குள்ளே கைவிட்டு அழுத ஆள்: யெகினி பற்றி ஒரு கேள்வி

தூத்தூர் ஒன்பது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல சாயங்காலம் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்குறேன். ஃபார்வர்டு ஆடுற பையன் ஒருத்தன், பதினாலு வயசு. போன்ல முகப்புப் படமா பழைய போட்டோ ஒண்ணு வச்சிருக்கான். பச்சை ஜெர்சி போட்ட ஆள் ரெண்டு கையையும் கோல் வலைக்குள்ளே விட்டு, வலையிலயே முகத்தைப் புதைச்சிருக்கார். ரஷீதி யெகினி, நைஜீரியா, 1994 உலகக் கோப்பை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தக் கோலைத் தேடிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னா ஏமாற்றம்தான். வலது பக்கத்துலருந்து ஃபினிடி ஜார்ஜ் தரையோட தள்ளிவிட்டதை கோலுக்கு முன்னாடி நின்னு தட்டிவிடுறார், அவ்வளவுதான். எங்க பசங்களே அடிப்பாங்க. அந்த உலகக் கோப்பையில அதுக்கப்புறம் அவருக்கு ஒரு கோலும் இல்லை. இதுக்கா இவ்வளவு பேரு? பையன் இன்னொண்ணும் கேட்டான்: "சார், கடைசியில இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாமே?" அவனுக்கு என்ன சொல்றது?

—

கணக்குப்பிள்ளை:

நைஜீரியாவுக்காக 37 கோல். இப்பத்திய நைஜீரியா ஃபார்வர்டு ஒசிமென் தாண்டுவாரான்னு இப்பப் பேசிக்கிறாங்களே, அது இவரோட கணக்குதான். ஆப்பிரிக்கக் கோப்பையில மட்டும் 13 கோல். 1992லயும் 1994லயும் அங்கே அதிக கோல் அடிச்சவர் இவர்தான். 1993ல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது. நைஜீரியாக்காரர் ஒருத்தர் அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. போர்ச்சுகல் முதல் டிவிஷன்ல ஒரே சீசன்ல 34 கோல். ஒரு தட்டு தட்டின ஆள் இல்லை சார் இவர்.

—

கடூனா ஃபிட்டர்:

கணக்குப்பிள்ளை தம்பி, ஒரு திருத்தம். அந்த 34 கோல் ரெண்டாவது டிவிஷன்ல, 1992-93ல், 32 ஆட்டத்துல. அதுல அவரோட டீம் மேலே ஏறி வந்த அடுத்த வருஷம் முதல் டிவிஷன்ல 21 கோல். அங்கேயும் அவர்தான் முதல்.

நான் கோயம்புத்தூர் பீளமேடு. ஸ்பின்னிங் மில்லுல மெயிண்டனன்ஸ் வேலை. 1980ல் நைஜீரியா போனேன், கடூனாவுல ஒரு மில்லு. அந்த ஊர்ப் பணம் நைரா; அப்ப ஒரு நைரா ஒரு டாலரைவிட ஒசத்தி, சிரிக்காதீங்க. 1986ல் நைரா விழுந்ததும் பெட்டியைக் கட்டிட்டேன். காக்குரி பக்கம் வரிசையா மில்லுங்க. காலையில சங்கு ஊதினா சைக்கிளும் மோட்டார் பைக்குமா ரோடே தெரியாது. டிசம்பர் ஆனா சகாராவுலருந்து ஹர்மட்டான் காத்து வரும். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின் மேல பஞ்சுத்தூசியும் செம்மண் புழுதியும் சேர்ந்து பிசுபிசுன்னு ஒட்டிக்கும். சுரண்டிச் சுரண்டியே என் கைநகம் போச்சு.

அந்த மில்லுகளுக்கு ஃபுட்பால் டீம் இருந்துச்சு. ஷிப்ட் விட்டதும் புல்லு ஒண்ணுகூட இல்லாத மைதானத்துல ஆடுவாங்க. நாங்க சுயா வாங்கிக்கிட்டு ஓரத்துல நிப்போம். குச்சியில கோத்த இறைச்சி, மேல நிலக்கடலையும் மிளகாயும் இடிச்ச பொடி. யெகினி அதே கடூனாவுல பிறந்தவர், 1963ல். அவர் முதல்ல ஆடினது யுஎன்டிஎல் மில்லு டீமுக்கு, 1981-82 வாக்குல. நான் அவரைப் பார்த்தேன்னு சொன்னா பொய். பார்த்திருக்கலாம். வத்தலா ஒசந்த பசங்க எத்தனையோ பேர் ஆடினாங்க, யாரோட பேரும் நமக்குத் தெரியாது. காலைவிட தோள்ல ஆடுறவங்க அவங்க, இடிச்சுத் தள்ளிட்டுப் போவாங்க.

அப்புறம் இபாதன் ஷூட்டிங் ஸ்டார்ஸ் கிளப்புக்குப் போனார். 1984ல் அந்த டீம் ஆப்பிரிக்க கிளப் கோப்பை ஃபைனல் வரைக்கும் வந்துச்சு. எதிர்ல கெய்ரோ ஸமாலெக். மில்லு கேன்டீன்ல ஒரே ஒரு ரேடியோ. தோத்ததும் சமையல்காரர் ரேடியோவைத் திருகி அணைச்சார், ஒருத்தரும் தட்டைத் தொடலை. யெகினி பேரை நான் காதால கேட்டது அந்த நாட்கள்லதான். அங்கேருந்து அபியோலா பேப்ஸ், அப்புறம் ஐவரி கோஸ்ட் அபிஜான்ல ஆஃப்ரிகா ஸ்போர்ட்ஸ். 1990ல்தான் போர்ச்சுகல், விட்டோரியா செத்தூபல் கிளப். வயசு 26 முடியப் போகுது. இப்பல்லாம் அந்த வயசுல ஆப்பிரிக்காவுலருந்து ஒருத்தன் வந்தா ஐரோப்பாவுல எந்த ஏஜென்ட்டும் திரும்பிப் பார்க்க மாட்டான். செத்தூபலும் லிஸ்பன் மாதிரி பெரிய ஊர் இல்லை. மீன்பிடித் துறைமுகம், ஒரு காலத்துல மத்தி மீனை டப்பாவுல அடைச்ச ஊர்.

இப்ப தூத்தூர் தம்பி கேட்டதுக்கு வர்றேன். அந்தக் கோல் சுலபம்தான், யாரு இல்லைன்னா? ஆனா அது நைஜீரியா உலகக் கோப்பையில அடிச்ச முதல் கோல். அதுக்கு முன்னாடி அந்த நாடு உலகக் கோப்பை வாசலையே மிதிச்சதில்லை. 1984, 1988, 1990னு மூணு தடவை ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல்ல தோத்த டீம். 1993 அக்டோபர்ல அல்ஜியர்ஸ்ல ஒண்ணுக்கு ஒண்ணுன்னு டிரா பண்ணித்தான் உலகக் கோப்பைக்குள்ள நுழைஞ்சாங்க. டல்லாஸ்ல பல்கேரியாவோட அந்த ஆட்டம் 1994 ஜூன் 21, அடிச்சது 21வது நிமிஷம், அவருக்கு வயசு முப்பது. மில்லு மைதானத்துலருந்து அங்கே வந்து சேர பதிமூணு வருஷம் ஆயிருக்கு. பந்தைத் தட்டிவிட்ட காலைப் பார்க்காதீங்க, வலையைப் பிடிச்ச கையைப் பாருங்க. விரலை முஷ்டியா மடக்கியிருக்கார், வாய் ஓயாம எதையோ சொல்லிக்கிட்டே இருக்கு.

அப்புறம் ஏன் அடிக்கலை? ஃபார்வர்டு பொழப்பு அடுத்தவன் கால்ல இருக்கு தம்பி. பந்து வந்தாத்தான் அடிக்க முடியும். பேரை அவர் தட்டிக்கிட்டுப் போனது கூட ஆடினவங்களுக்குப் பிடிக்கலை, அதனால பந்தே குடுக்கலைன்னு அப்பவே பேச்சு கிளம்புச்சு. அது நிஜமான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்து கிரீஸ்ல ஒலிம்பியாகோஸுக்குப் போயும் நிலைக்கலை. முழங்கால் அடி, டீமுக்குள்ள ஒட்டாம போனது, ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. அதோட ஐரோப்பாவுல அவரோட நல்ல காலம் கிட்டத்தட்ட முடிஞ்சுது. 1998 உலகக் கோப்பைக்கும் போனார். 2005ல், வயசு நாற்பத்தொண்ணு, நைஜீரியாவுலயே கேட்வேங்கிற கிளப்புக்கு மறுபடி ஷூ மாட்டினார். அதைக் கேட்டப்ப எனக்குச் சந்தோஷமா வருத்தமான்னு இன்னிவரைக்கும் புரியலை.

—

தூத்தூர் ஒன்பது:

ஐயா, ரொம்ப நன்றி. அந்தப் பைத்தியம் விஷயம் மட்டும் பாக்கி. பையன் விடமாட்டேங்குறான்.

—

கடூனா ஃபிட்டர்:

அந்த வார்த்தை வேண்டாம் தம்பி. கடைசி வருஷங்கள்ல இபாதன்ல தனியா இருந்தார். மனசு சரியில்லைன்னு பத்திரிகைகள் எழுதின. 2012 மே 4ல் போயிட்டார், 48 வயசு. குவாரா மாநிலத்துல இரான்னு ஒரு ஊர், அங்கே அடக்கம் பண்ணினாங்க. எப்படிப் போனார், யார் கவனிச்சாங்க, யார் கவனிக்கலைன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. அதுக்குள்ள நான் போகலை. முழங்கால் வீங்கினா பத்து பேர் ஐஸ் கட்டியோட ஓடி வர்றான். மனசு வீங்கினா கதவைச் சாத்திட்டுப் போறான். பையன்கிட்ட "அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு"ன்னு சொல்லுங்க. பொய் இல்லை அது.

—

கணக்குப்பிள்ளை:

ஐயா, திருத்தத்துக்கு நன்றி, 34ஐ மாத்திக் குறிச்சுக்கிட்டேன். 21ன்னு நீங்க மூணு இடத்துல சொல்றீங்க, நான் எதையும் மாத்திக் குறிச்சுக்கலையே?

—

கடூனா ஃபிட்டர்:

கோல் 21, தேதி 21, நிமிஷம் 21. எங்க போனாலும் அதேதான், குழப்பிக்காதீங்க.

—

தூத்தூர் ஒன்பது:

நேத்து பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மில்லு கதையைத்தான் ரெண்டு தடவை கேட்டான். ப்ராக்டிஸ்ல ஒரு கோல் அடிச்சுட்டு நேரா வலைக்கு ஓடினான். எங்க கிரவுண்டுல கோல் போஸ்டுக்குக் கட்டியிருக்கிறது பழைய மீன் வலை ஐயா, கண்ணி பொடிசு. கை எங்க நுழையும்? ரெண்டு விரல் மாட்டிக்கிச்சு. நானும் கோல்கீப்பர் பயலும் சேர்ந்து எடுத்துவிட்டோம்.