‘இரட்டை அளவை’ போதுமா? ‘விரவளவை’ என்னும் சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மெட்ரிக் அளவையும் இம்பீரியல் அளவையும் ஒரே வேலையில் சேர்ந்து வருவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இவ்வுரையாடல் இழையில் இதுவரை ‘இரட்டை அளவை’, ‘ஈரளவை’, ‘கலப்பளவை’ என மூன்று சொற்கள் வந்துள்ளன. மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையே மரப்பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், இந்தச் சொல் நாள்தோறும் தேவைப்படும் இடத்திலிருந்து என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில் பொருளைக் காட்டிவிடுகிறேன். நேற்று என் மேசைக்கு வந்த துண்டுச்சீட்டில் இருந்தது இது: ‘பிளைவுட் 8க்கு 4, 18 எம்.எம்., ஆறு ஷீட். கீல் 4 இஞ்ச். ஸ்குரூ 35 எம்.எம்.; தேக்கு 3 கன அடி; பசை 5 கிலோ.’ எழுதியவருக்கும் படித்தவருக்கும் இதில் ஒரு தயக்கமும் இல்லை. ஒரே பலகையின் நீள அகலம் அடியில் நிற்க, கனம் மட்டும் மில்லிமீட்டருக்குப் போய்விட்டது. பக்கத்து மனையில் கொத்தனார் 8 எம்.எம். கம்பியை ஆறு இஞ்சுக்கு ஒன்றாகக் கட்டச் சொல்கிறார். கார் டயரில் 185, 15 என்று இரண்டு எண்களைப் பார்த்தால் முன்னது அகலம், மில்லிமீட்டரில். பின்னது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். எங்கள் ஆசாரியோ அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார். ‘இரண்டு நூல் இழைத்தால் சரியாகும்’ என்பார். கேரளத் தச்சு முறையில் பழகிய மூத்தவர்கள் இதற்கும் மேலே கோல் கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு கோலுக்கு 24 விரல், விரலுக்கு 3 செ.மீ., ஆகக் கோல் 72 செ.மீ. ஆகவே எங்கள் பட்டறையில் உண்மையில் மூன்று முறைகள் வழங்குகின்றன என்பதை ‘இரட்டை’, ‘ஈர்’ என்று தொடங்கும் சொற்களை முன்மொழிந்த நண்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது நில ஆவணத்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் ஐந்து சென்ட் மனை என்று பேசுவதை, கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையில் ஆவணமாக எழுதும்போது 2 ஆர் 2 சதுர மீட்டர் என்று எழுதுவார்கள். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஓர் ஆர் 100 சதுர மீட்டர் என்பதால் கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் இது துண்டுச்சீட்டில் நடப்பதைப் போன்றதன்று. அங்கே ஒரே பொருளின் வெவ்வேறு பக்கங்கள் வெவ்வேறு அலகில் நிற்கின்றன. இங்கே ஒரே அளவு இரண்டு அலகில் சொல்லப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் அந்தச் சொல் வேலைக்கு உதவாது. ஆவணத்தில் நடப்பதற்கு ‘இணையளவு’ போதும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் பாறசாலையிலிருந்து வந்த வரைபடத்தில் சன்னல் திறப்பின் அகலம் 1200 என்று மில்லிமீட்டரில் இருந்தது. ‘1200 என்றால் நாலடிதானே’ என்று சொல்லி எட்டுச் சன்னல் நிலைகளையும் நாலடிக்கு அறுக்கச் சொன்னவன் நான்தான். நாலடி என்பது 1219.2 மி.மீ.; ஏறத்தாழ ஆறு நூல் கூடுதல். சுவரில் வைத்துப் பார்க்கையில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எட்டு நிலைகளையும் கழற்றி, குறுக்குச் சட்டங்களை அறுத்து, மறுபடி முனை செதுக்கிப் பொருத்த நான்கு நாள் ஆயிற்று. நாலடிக்கு இணையளவு 1219.2தான். 1200 என்பது அதற்குப் பதிலாக மெட்ரிக் உலகம் வைத்துக்கொண்ட வேறோர் அளவு. அதை ‘மாற்றளவு’ என்று தனியே பெயரிட்டுவிட்டால், ‘இது இணையளவா, மாற்றளவா?’ என்று ஆசாரியே என்னைக் கேட்டிருப்பார். கலைச்சொல் பட்டறைக்குள் வந்து செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, துண்டுச்சீட்டுக்குரிய பெயர். ‘ஈரளவை’ இலக்கணப்படி நல்ல சொல்தான். ‘ஈருருளி’ போல இயல்பாக அமைகிறது. ஆனால் மரத்தொழிலில் பலகையின் ஈரத்தை அளப்பது அன்றாட வேலை. ‘ஈரளவை பார்த்தாயா?’ என்று கேட்டால் பையன் ஈரமானியை எடுத்து வருவான். ‘கலப்பளவை’யில் எனக்குள்ள தடை, ‘கலப்பு’ என்ற சொல்லைக் கடையில் கேட்டதும் வாங்குபவர் மனம் கலப்படத்துக்குப் போய்விடும் என்பதே. பில்லின் தலையில் அச்சொல்லை அச்சிட யாரும் துணியமாட்டார்கள்.

நான் முன்மொழிவது ‘விரவளவை’. எங்கள் வீடுகளில் புட்டுக்கு மாவு விரவுவது என்பார்கள்; சப்பாத்திக்குப் பிசைவது வேறு. பிசைந்தால் மாவும் நீரும் ஒன்றாகிவிடும்; விரவினால் நீர் எங்கும் பரவியிருக்கும், ஆனாலும் கையில் எடுத்தால் மணி மணியாக உதிரும். துண்டுச்சீட்டில் அடியும் மில்லிமீட்டரும் அப்படித்தான் தத்தம் உருவத்தோடு சேர்ந்திருக்கின்றன. நம் இலக்கணத்திலும் இரு திணைக்கும் பொதுவாக வரும் பெயரை ‘விரவுப்பெயர்’ என்பதுண்டு. ‘கதவடைப்பு’ போல ‘விரவளவை’ என்று புணர்வதிலும் இடர் இல்லை. சொல்லை ஆசாரியிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் சொல்லுமுன்பே, ‘புட்டு மாவு மாதிரியா?’ என்று கேட்டார்.

இச்சொல்லோடு ஒரு விதியும் சேர வேண்டும்: விரவளவையில் ஒவ்வோர் எண்ணும் தன் அலகைத் தன்னுடனே தாங்க வேண்டும். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் எஞ்சின் ஓடாமலே இறங்கிய நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்திருக்கும். லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்குரிய 0.8 என்ற எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய 1.77 என்ற எண்ணால் பெருக்கியிருந்தார்கள். எண்ணோடு அலகும் நடந்து வந்திருந்தால் அந்தப் பிழை தாளிலேயே நின்றிருக்கும்.

முறைகளின் பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இம்பீரியலைப் ‘பேரரசு அளவை’ என்பதை நான் ஏற்கவில்லை. அந்தப் பேரரசுக்கும் என் இஞ்ச் டேப்புக்கும் இன்று உறவில்லை. 1959 முதல் அங்குலமே சரியாக 25.4 மி.மீ. என்று மீட்டரைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. ‘அடிமுறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். குமரி மாவட்டத்தில் அடிமுறை என்றால் ஆசான்கள் கற்றுத்தரும் தற்காப்புக் கலை. இங்கே வேறு பொருள் கொள்ளவே மாட்டார்கள். ‘அடியளவை’, ‘மீட்டரளவை’ என்று இணையாக வைத்துக்கொள்ளலாம். பவுண்டும் காலனும் அடியளவைக்குள் எப்படி அடங்கும் என்று கேட்டால், கிலோவும் லிட்டரும் மெட்ரிக் என்ற பெயருக்குள் அடங்கியிருப்பதைப் போலத்தான்.

பட்டறையின் அளவுச்சீட்டுப் புத்தகம் தீரப்போகிறது. அடுத்த மாதம் புதிதாக அச்சிட வேண்டும். ஒவ்வோர் அளவுக் கட்டத்துக்கு அருகிலும் அலகு எழுத ஒரு சிறு கட்டமும், கீழே ‘இணையளவு / மாற்றளவு’ என்று, பொருந்தாததை அடித்துவிடும்படி ஒரு வரியும் வைக்கப்போகிறேன். தலைப்பில் ‘விரவளவைச் சீட்டு’ என்று போடலாமா என்பதில் மறுப்புடையவர்கள், குறிப்பாக வலி மிகுமிடம் அறிந்த பெரியவர்கள், அதற்குள் எழுத வேண்டுகிறேன்.