டெங்குவுக்குப் பிறகு 7 வாரத்தில் ஹாஃப் மாரத்தான்: முடியுமா?

வேளச்சேரி வாசி:
ஜனவரியில் சென்னையில் 21.1 கி.மீ. ஓடப் பணம் கட்டியாச்சு. இன்னும் 7 வாரம் இருக்கு. நடுவில் டெங்கு. காய்ச்சல் விட்டு 12 நாள், பிளேட்லெட் 2.1 லட்சம். வயது 38. காய்ச்சலுக்கு முன் வாரம் 40 கி.மீ., ஞாயிறு லாங் ரன் 16 கி.மீ., பேஸ் 6:30 (ஒரு கி.மீ.க்கு 6 நிமிஷம் 30 நொடி). இப்போ இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. என்னிடம் உள்ள 12 வார அட்டவணையை 7 வாரத்துக்குச் சுருக்கலாமா? இல்லை, 10 கி.மீ.க்கு மாறிடலாமா?

நாடி:
சுருக்கவே வேண்டாம். பிளேட்லெட் ஏறியதை வைத்து ஓடலாம்னு முடிவு பண்ண முடியாது. டெங்கு சிலருக்கு இதயத் தசையையும் கல்லீரலையும் பாதிச்சிருக்கும். மாடிக்கே மூச்சு வாங்குதுன்னா முதலில் டாக்டரைப் பாருங்க. இ.சி.ஜி., ஹீமோகுளோபின், எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) எடுக்கணுமான்னு கேளுங்க. நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல் எது இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஷூ அலமாரியிலேயே இருக்கட்டும்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிஷம் நாடி எண்ணி எழுதி வைங்க. பழைய கணக்கைவிட 7, 8 கூடினா அன்னைக்கு ஓட்டம் கிடையாது. டெங்கு தேறும்போது சிலருக்கு நாடி வழக்கத்தைவிடக் குறையவும் செய்யும். அதை ஃபிட்னஸ்னு எடுத்துக்காதீங்க.

கடற்கரை 5 மணி:
டாக்டர் சரின்னு சொன்ன பிறகு: முதல் வாரம் வெறும் நடை, 30 நிமிஷம், நாலு நாள். மறுநாள் அசதி இல்லைன்னா இரண்டாம் வாரம் 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, பத்து முறை, மூணு நாள். மூன்றாம் வாரம் 3 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. ஞாயிறு 7 கி.மீ. அடுத்த ஞாயிறு 10, அதற்கடுத்தது 14. ஆறாம் வாரம் 8 கி.மீ.க்கு இறக்கிடுங்க. கடைசி வாரம் 20 நிமிஷமா இரண்டு தடவை, அவ்வளவுதான்.

பேச்சு தடைபடாம வரணும். அதுதான் உங்க பேஸ். வாட்ச்சில் 7:45, 8:00ன்னு காட்டும், காட்டட்டும். இடைவேளை ஓட்டம் (வேகமாவும் மெதுவாவும் மாறி மாறி ஓடுவது), மேம்பால ஏற்றம் எதுவும் இந்த 7 வாரத்தில் வேண்டாம்.

மாட்டிக்கிற இடம் மூன்றாம் வாரம். மூச்சு சீக்கிரம் திரும்பிடும், தசைநார் அவ்வளவு வேகமா திரும்பாது. பழைய மாதிரி ஆயிட்டோம்னு 6:30-ல் போனா முழங்காலுக்குக் கீழ் முன் எலும்பிலோ குதிகாலுக்கு மேலோ வலி பிடிச்சுக்கும். நாலாம் வார 10 கி.மீ. முடிச்சு இரண்டு நாள் ஆகியும் அசதி போகலைன்னா 10 கி.மீ. ரேஸுக்கு மாறிடுங்க. தூரம் மாற்றக் கடைசி தேதி என்னன்னு இப்பவே பாருங்க. 8:00 சராசரின்னா 2 மணி 49 நிமிஷம் ஆகும். ரேஸை முடிக்க வேண்டிய கட்-ஆஃப் நேரத்தையும் பாருங்க.

உப்புக்கணக்கு:
அட்டவணை சரி, அந்த 14 மட்டும் எனக்கு ஒப்பலை. தூரத்தைப் பார்க்காம 1 மணி 40 நிமிஷத்தோடு நிறுத்துங்க. தேறுகிற உடம்புக்கு அதற்கு மேல் போவதில் லாபம் குறைவு, அசதிதான் அதிகம்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. 1 கிலோ குறைஞ்சிருந்தா ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை. நம்ம ஊர் ஈரக்காற்றில் ஜனவரியிலும் அது சாதாரணம். நடுவில் தண்ணீர் குடிச்சிருந்தா அதையும் கூட்டிக்குங்க. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கணும். அரை லிட்டரில் கரைச்சா உப்பு இரட்டிப்பாகி வயிற்றைக் கலக்கும். ரேஸில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து போதும். நடுத்தர வாழைப்பழம் ஒண்ணு ஏறக்குறைய அந்த அளவு. லாங் ரன்னில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் ரேஸ் அன்னைக்குத் தொடாதீங்க.

வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடவே கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

வேளச்சேரி வாசி:
நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன். நாலாம் வார 10 கி.மீ.யில் 3:1 நடையை அப்படியே வைக்கலாமா, 4:1 ஆக்கலாமா?

கடற்கரை 5 மணி:
3:1 போதும். ரேஸ் அன்னைக்கும் அதேதான், முதல் கிலோமீட்டரிலிருந்தே. கால் கனத்த பிறகு நடக்க ஆரம்பிச்சா மறுபடி ஓட்டத்துக்குத் திரும்புவது கஷ்டம்.